‘முட்டையிடும் பருவத்து நாட்டுக்கோழி’ விளம்பரம்: 19,500 ரூபாய் போச்சு, பாத்து வாங்குங்க

கோபத்துல எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய சாமான் வாங்கி விக்கிற செல்போன் ஆப் இருக்குல்லா, அந்த மாதிரி ஒண்ணுல ஆடு, கோழி விளம்பரமும் வரும். பேரு வேண்டாம். அதுல ‘சிறுவிடை கலப்பு, 5 மாசம், முட்டை போடத் தொடங்கியாச்சு’ன்னு போட்டிருந்த வெளி மாவட்டத்து ஆளுகிட்ட 40 கோழி வாங்கினேன். கோழி ஒண்ணு 450, வேன் வாடகை 1,500, ஆகமொத்தம் 19,500 ரூபாய். அத்தனையும் மகளிர் குழுவுல எடுத்த கடன்.

எங்க வீடு திருவட்டார் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரம். மாமி காலத்துலேருந்தே சிறுவிடைன்னு சொல்ற சின்ன உருவ நாட்டுக்கோழி உண்டு. அது என்ன, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டா அடைக்குப் படுத்துரும். வருஷத்துக்கு அறுபது எழுபது கிடைச்சா பெரிசு. கேட்டு வர்ற ஆளு அதைவிடக் கூடுதல். பிள்ளைபெத்த வீட்டுக்காரங்க ஒரு முட்டை 15 ரூபாய்னாலும் மறு பேச்சு பேசாம எடுத்துட்டுப் போவாங்க. அதான் நல்ல கோழியா இன்னும் கொஞ்சம் சேக்கலாம்னு இறங்கினேன்.

அந்த ஆளு எப்படி நம்ப வச்சார்னு கேளுங்க. வீடியோ காலுல வந்தாரு. தோப்புல கோழி மேயுறதைக் காட்டினாரு. பொறவு ஒரு முட்டையை எடுத்து எங்க கண் முன்னாடியே எவர்சில்வர் தட்டுல உடைச்சாரு. மஞ்சக்கரு நல்ல ஆரஞ்சு நிறத்துல குமிஞ்சு நிக்குது, வெள்ளைக்கரு பரவாம அதைச் சுத்திக் கெட்டியா இருக்கு. மாமி எட்டிப் பாத்துட்டு, “இது நல்ல முட்டைதான் பிள்ளே”ன்னாங்க. நான் 60 கோழி கேட்டேன். அவரே, “வேண்டாம் அக்கா, முதல்ல 40 எடுங்க, கூடு பத்தாம கஷ்டப்படுவீங்க. பிடிச்சா அடுத்த லோடுல பாப்போம்”னாரு. வியாபாரத்தைக் குறைச்சுப் பேசுற ஆளை யாரு சந்தேகப்படுவா? பாதிப் பணத்தை அப்பவே போட்டுவிட்டேன். மீதி வேன்காரர் கையில.

வேன் வந்தது நல்ல இருட்டுன பொறவு. வேணும்னே அப்படி வந்திருக்கான்னு இப்ப புரியுது. டார்ச் வெளிச்சத்துல கூடையைக் கவுத்து இறக்கிட்டு, “இன்னும் ரெண்டு லோடு இருக்கு”ன்னு பறந்துட்டான்.

விடிஞ்சு பாத்தா எல்லாம் ஒரே செம்பட்டை நிறம், ஒரே உருவம். கழுத்துலயும் வாலடியிலயும் இறகு தேஞ்சு தோலு தெரியுது. மூக்கு நுனி வெட்டியிருக்கு. கால் நகம் நீண்டு வளைஞ்சு கிடக்கு. மண்ணைக் கிளறி மேயுற கோழிக்கு நகம் தானா தேயும், இதுங்க மண்ணையே மிதிச்சதில்ல. தீவனத்தைக் கொட்டுனாத்தான் தின்னும், குப்பையைக் கிளறத் தெரியாது. அந்தி சாஞ்சா எங்க கோழி எல்லாம் தானா கொம்புல ஏறிரும். இதுங்க நின்ன இடத்துலயே நிக்கும், மழை பெஞ்சாலும் அங்கயே நனையும். ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ள விட்டோம். அப்படியும் கீரி பிடிச்சது போக மிச்சம்தான் இருக்கு.

முட்டை இட்டுச்சு, இல்லைன்னு சொல்லலை. பெரிய பெரிய முட்டை. ஆனா ஓடு பப்படம் மாதிரி, கையில எடுக்கும்போதே விரிசல். சட்டியில உடைச்சா வெள்ளைக்கரு தண்ணியா ஓரம் வரைக்கும் ஓடுது, மஞ்சக்கரு சப்பையாப் படுத்துருது. வாடிக்கையா வாங்குற டீச்சர் ஒருத்தங்க திருப்பிக் கொண்டுவந்து வச்சுட்டு, “நீங்களும் கடை முட்டை வாங்கி விக்கத் தொடங்கிட்டீங்களா?”ன்னு கேட்டாங்க. 19,500 ரூபாய் போனதைவிட அந்தக் கேள்விதான் சுட்டுச்சு.

அந்த ஆளுக்குப் போன் போட்டா முதல்ல, “வெயிலு அக்கா, சூட்டுல ஓடு மெலியும்”. சூட்டுல ஓடு மெலியும்ங்கிறது நிஜம்தான், அதனால நம்மளால எதுத்துப் பேச முடியல. அடுத்தது, “கால்சியம் பத்தலை”. குளச்சல்லேருந்து கிளிஞ்சல் வாங்கி இடிச்சுப் போட்டேன், ஒரு மாத்தமும் இல்லை. பொறவு, “இடம் மாறுனா அப்படித்தான், ரெண்டு வாரம் பொறுங்க”. கடைசியில, “உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, வேன்ல இறக்கும்போதே பாத்திருக்கணும்”. இருட்டுல! அதோட என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. ஆப்காரங்களுக்கு எழுதினா, ‘பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளது’ன்னு மிஷின் பதில் வருது. எத்தனை தடவை எழுதினாலும் அதே வரி.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் ஒரு கோழியைத் தூக்கிப் பாத்த உடனே சொல்லிட்டாரு: கூண்டுல வளத்துக் கழிச்ச லேயர், அதாவது முட்டைக்குன்னே பண்ணையில வளக்குற கோழி. முட்டைப் பண்ணையில 72, 80 வாரம் ஆனதும் முட்டை குறையும்னு கறிக்குத் தள்ளிருவாங்களாம். வயசாக ஆக முட்டை பெருக்கும், ஆனா ஓட்டுக்குப் போற சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடாது. அதான் மெலியுது, வெள்ளைக்கருவும் நீத்துப் போகுது. அந்த ஆரஞ்சு மஞ்சக்கரு? அது தீவனத்துல வர்ற நிறம், கோழி எந்த ஜாதின்னு அதை வச்சுச் சொல்ல முடியாதாம். தட்டுல உடைச்ச முட்டை எந்தக் கோழி இட்டதோ, யாரு கண்டா.

கறிக்கடைக்குப் போக வேண்டிய கிழட்டுக் கோழியை 5 மாசம்னு சொல்லி 19,500 ரூபாய்க்கு என் தலையில கட்டியிருக்கான். இதுல எங்க பழைய கோழி ரெண்டு மூணு இப்ப மூச்சு விடும்போது கர் கர்ருன்னு இழுக்குது. புதுசா வந்ததுல இருந்து சளி பத்தியிருக்கலாம்னு டாக்டர் மருந்து எழுதியிருக்காரு. அந்தச் செலவு தனி.

அதே ஆளு, அதே வீடியோ, இப்ப வேற பேருல அந்த ஆப்புல ஓடுது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் டெலிவரி உண்டுன்னு வேற போட்டிருக்கான். அதுக்குத்தான் இந்த அவசரப் பதிவு.

வாங்கும்போது எதெல்லாம் பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப நேரமில்லை. பகல்ல மட்டும் இறக்கச் சொல்லுங்க. நகம், மூக்கு, கழுத்து இறகு பாருங்க. எல்லாம் ஒரே நிறத்துல இருந்தா வேன்லயே திருப்பி அனுப்புங்க. நேர்ல பாக்காம முன்பணம் போடாதீங்க. புதுக் கோழியைப் பழைய கோழியோட சேக்காம ரெண்டு வாரமாவது தனியா அடைங்க, வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாச்சான்னும் கேளுங்க. பில்லு கேட்டு வாங்குங்க. என்கிட்ட பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும் அவன் பேசின வாய்ஸ் மெசேஜும்தான் இருக்கு. அதை வச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ணுல பதிஞ்சிருக்கேன். அந்த வேன்காரரைத் தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க.