வாகனத்துக்குத் தங்க ரேக்கா, பித்தளை ரேக்கா?

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் சாமி புறப்படும் மர வாகனத்தைப் புதுப்பிக்க ஊர்க் கமிட்டி கூடினால் பேச்சு மூன்றுக்குள்தான் சுற்றும்: அசல் தங்க ரேக்கு (தட்டித் தட்டி மெல்லிசாக்கிய இதழ்), கடையில் 'இமிடேஷன்' என்று தருகிற பித்தளை ரேக்கு, தங்கக் கலர் பெயின்ட். பெயின்ட்டை முதலிலேயே தள்ளிவிடலாம். பித்தளைப் பொடியோ மைக்காவோ கலந்த சமாச்சாரம் அது. தூரிகைக் கோடு தெரியும், தகட்டு மினுமினுப்பு வராது. பீடத்தின் அடிப்பக்கத்துக்குப் போதும்.

மற்ற இரண்டில் கணக்கு எப்படி? தங்க ரேக்கு பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் சதுரம், ஒரு புத்தகத்தில் 25 இதழ். ஒரு சதுர மீட்டருக்கு 156 இதழ் வரும். செதுக்கு வேலை, மேலேறும் ஓரம், கிழிசல் எல்லாம் சேர்த்து 200 என்று வையுங்கள், 8 புத்தகம். அத்தனைக்கும் தங்கம் ஏறத்தாழ இரண்டரை கிராம்தான், ஏனென்றால் கனம் 0.1 மைக்ரான். இது இன்று வந்த வித்தையில்லை. ஒரு அவுன்ஸ் தங்கத்தில் நான்கு விரல் சதுரமாக 750க்கு மேல் இதழ் தட்டலாம் என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பித்தளை ரேக்கு 140 மில்லிமீட்டர், அதே பரப்புக்கு 65 இதழ் போதும். விலையும் மிகக் குறைவு. ஆனால் தேய்ப்பு, பூச்சு, ஒட்டு என்று கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஒட்டும் முறையும் ஒன்றுதான். மரத்தைத் தேய்த்து அரக்கு வார்னிஷ் அடித்து, சாக் (வெண்சுண்ணம்) பொடிப் பூச்சை நைசாக இழைத்து, மேலே மஞ்சளோ செங்காவியோ கொடுத்துக் காயவைக்க வேண்டும். அடியில் சிவப்பிருந்தால் இதழ் விட்ட இடமும் கண்ணை உறுத்தாது. பிறகு கோல்டு சைஸ் என்கிற ஒட்டுப் பசை, மெல்லிசாக. ஒட்டும் பதத்துக்கு வர எடுக்கும் நேரத்தை வைத்து 3 மணி நேர சைஸ், 12 மணி நேர சைஸ் என்று கிடைக்கும். சித்திரை வெயிலில் 3 மணி சைஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், 12 மணிதான் நிம்மதி. விரல் முட்டியை லேசாக வைத்து எடுங்கள். 'டிக்' என்று இழுத்து விட வேண்டும், முட்டியில் ஈரம் வரக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் தங்கம் சைஸுக்குள் முங்கி மங்கும், சுருங்கும். காய்ந்தபின் ஒட்டினால் திட்டுத்திட்டாக உதிரும்.

கைப்பழக்கம் பிரிவது இங்கேதான். தங்க இதழை விரலால் தொட்டால் விரலோடு போய்விடும். அணில் முடித் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவினால் ஏறும் எண்ணெய்ப் பசையே இதழைத் தூக்கப் போதும். ஃபேன் ஓடக்கூடாது; மூச்சைக்கூட அடக்கித்தான் வைக்க வேண்டும். பித்தளை இதழ் தடிமன், கையுறை போட்ட கையாலேயே எடுத்து வைக்கலாம். புதுக் கைக்கு அதுதான் சுலபம்.

வித்தியாசம் தெரிவது அடுத்த வருஷம். நல்ல காரட் தங்கம் கருக்காது. மேலே வார்னிஷ் அடிக்கவும் கூடாது, அடித்தால் ஒளி அடங்கிப்போகும். தேய்மானம்தான் அதற்கு எதிரி. பித்தளைக்கு வார்னிஷ் கட்டாயம். மாலை கட்டும் கம்பி கீறுகிற இடத்தில், சீர்பாதம் தாங்குகிறவர்கள், அதாவது வாகனத்தைச் சுமக்கிறவர்கள், வியர்வைக் கையால் பிடிக்கிற ஓரத்தில், வார்னிஷ் விட்டதும் கரும்புள்ளி விழும், பிறகு பச்சைக் களிம்பு. வீட்டுக் குத்துவிளக்கு ஞாபகத்தில் யாராவது புளி போட்டுத் தேய்த்தால் களிம்போடு ரேக்கும் போய்விடும்.

ஆகவே மதுரை மாசி வீதி மாதிரி வெயிலில் சுற்றிவந்து பலர் கைபடும் வாகனத்துக்குத் தங்கமே. மண்டபத்துக்குள் சாமிக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசிக்கும் கண்ணாடி போட்ட சட்டத்துக்கும் பித்தளை தாராளமாகப் போதும். ஒரே முகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், சீக்கிரமே நிறம் பிரிந்து காட்டிக்கொடுக்கும். கோயில் விமானத்துக்குப் பொன் போர்த்துவது செம்புத் தகட்டில் நடக்கிற தனி வேலை, அதற்கு இந்தக் கணக்கு உதவாது.

வாங்கும்போது சந்தேகமா? ஒரு இதழைத் தூரிகையாலேயே தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தங்கம் பச்சையாக ஒளி விடும். பித்தளை விடாது.