பிளக்கைத் திருப்பிச் செருகினால் பாட்டு மாறுமா? மூன்று ஆண்டு அனுபவம்

ஜேர்மனியிலிருந்து அண்ணன் கொண்டுவந்து தந்த அம்பிளிபயர், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் வீட்டு முன்னறையில் மூன்று ஆண்டுகளாகப் பாடுகிறது. தட்டையான இரண்டு ஊசிப் பிளக், ஏர்த் (நில இணைப்பு) கிடையாது. வந்த நாள் முதலே ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய இரைச்சல். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் முழங்கும்போது அது தெரியாது. நாதஸ்வரக்காரர் மூச்செடுக்கும் இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1990 களில் சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். அன்று சத்தம் வந்தாலே போதும்; இன்று அந்த இடைவெளியும் எனக்கு வேண்டும்.

பிளக்கைத் திருப்பிச் செருகினால் இரைச்சல் குறையும் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. நம் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வினாடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. ஆனால் லைவ் (மின்னழுத்தம் உள்ள வயர்) எந்த ஊசி, நியூட்ரல் (திரும்பும் வயர்) எந்த ஊசி என்பது மாறுவதில்லை. டிரான்ஸ்போமரின் கம்பிச் சுற்றுகளுக்கிடையே உள்ள சிறு கொள்ளளவத்தினூடாகத் (கபாசிற்றன்ஸ்) துளி மின்னோட்டம் உலோகப் பெட்டிக்குக் கசியும். லைவ் முதற்சுற்றின் (மின்சாரம் நுழையும் சுற்று) எந்த முனையில் சேர்கிறதோ அதைப் பொறுத்துக் கசிவு கூடும், குறையும். சிடி பிளேயரும் அம்பிளிபயரும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் நின்றால், இரண்டையும் இணைக்கும் வயரின் வெளிக்கவசத்தில் அந்தக் கசிவு ஓடி இரைச்சலாகிறது.

காதை நம்பாமல் மல்டிமீற்றரை எடுத்தேன். ஒலிவயர்களைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கும் சொக்கெற்றின் ஏர்த்துக்கும் இடையே அளந்தேன். அம்பிளிபயர் ஒரு பக்கம் 84 வோல்ற், திருப்பிச் செருகினால் 31. சிடி பிளேயர் 62, பிறகு 27. முன்பு பெட்டியில் புறங்கையை உரசும்போது பொடிப்பொடியாகக் கூசியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இரண்டையும் குறைந்த பக்கத்தில் செருகியதும் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது.

இந்தத் தேடலில் இன்னொன்றும் அகப்பட்டது. அந்தச் சுவரில் இருந்த 13 ஆம்பியர் சொக்கெற்றில், லைவைக் காட்டும் ரெஸ்ரர் இடப்பக்கத் துளையில் ஒளிர்ந்தது. ஏர்த் மேலே இருக்க, லைவ் வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். வயர் பூட்டியவர் மாற்றிப் பூட்டியிருக்கிறார். அப்படியிருந்தால் சுவிட்சை நிறுத்தினாலும் கருவிக்குள் லைவ் நிற்கும், பிளக்கின் பியூஸ் நியூட்ரலில் கிடக்கும். உயிர் ஆபத்து அது. தகுதியான மின்னியலாளரை அழைத்துத் திருத்திவிட்டு, மறுபடி அளந்தேன். மூன்று ஊசிப் பிளக்கின் வயர்களை ஒலிக்காக மாற்றிப் பூட்டவே வேண்டாம். ஏர்த் துளைக்குள் பேனை மூடியைத் திணித்து இரண்டு ஊசியைச் செருகும் நம் ஊர்ப் பழக்கமும் வேண்டாம். பியூஸ் உள்ள அடப்டர் கடையில் கிடைக்கிறது.

குரல் இனித்ததா, தவில் இறுகியதா என்று கேட்பவர்களுக்கு: மகன் எனக்குத் தெரியாமல் பிளக்கை மாற்றி மாற்றிச் செருக, பாட்டு ஓடும்போது பத்துத் தடவையில் ஐந்துதான் சரியாகச் சொன்னேன். பாட்டை நிறுத்தி ஸ்பீக்கர் அருகே காதை வைத்தபோது பத்தும் சரி. மாறியது பாட்டன்று, அதன் பின்னே இருந்த அமைதி. எனக்கு அதுவே பெரிது.

பிளக்குகளின் மேற்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தைப்பொங்கலுக்கு முன்னறை கழுவிய மறுநாள் இரவு இரைச்சல் திரும்பியிருந்தது. குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டு கீழ்நோக்கி இருந்தது.