புறாத்தீவா, பாசிக்குடா கப்பலா?

இலங்கையின் கிழக்குக் கடலில் ஒரே ஒரு ஸ்கூபா டைவுக்குத்தான் (சிலிண்டருடன் நீருக்கடியில் இறங்குவதற்கு) காசு இருக்கிறது என்றால், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவுப் பக்கம் போங்கள் என்பேன். பாசிக்குடாவுக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற கப்பலையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சீசன் இரண்டுக்கும் ஒன்றே, மே முதல் செப்டம்பர் வரை. இரண்டுக்கும் படகில்தான் போக வேண்டும். கம்பீரத்தில் கப்பலுக்கே முதலிடம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் அது. அதே நாள் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கி 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர் என்பதால் அதை விட்டுவிடலாம்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதுகுச் சிலிண்டரில் இருக்கும் காற்று. 12 லிட்டர் சிலிண்டரை 200 பார் (அழுத்த அளவு) வரை நிரப்பி, 50 பாரை மிச்சம் வைத்தால் கையில் 1,800 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு, ஆழத்தில் அழுத்தம் கூடுவதால், 10 மீட்டரில் 40 லிட்டர் போகும். முக்கால் மணி நேரம் தாங்கும். கப்பல் கிடக்கும் 25 மீட்டர் ஆழத்தில் 70 லிட்டர். 25 நிமிடத்தில் கதை முடிந்தது. காற்றை மிச்சம் பிடித்தாலும் உடலில் கரையும் நைட்ரஜன் விடாது: மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று அதை வெளியேற்றத் தேவையில்லாமல் இருக்க, அந்த ஆழத்துக்கு PADI என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை தருவதே 29 நிமிடம்தான்.

அபூர்வமான உயிரினங்கள் அவசரக்காரன் கண்ணில் படுவதில்லை. புறாத்தீவில் ஒரே பாறை முன்னால் அசையாமல் மிதந்துகொண்டிருந்தபோதுதான், பாசி என்று நினைத்தது நகர்ந்தது. நகக்கண் அளவு நுடிபிராங்க், ஓடில்லாத நத்தை. முதுகில் செவுள்கள் பூவாக விரிந்திருந்தன. கப்பலிலும் இருக்கக்கூடும், ஆனால் அங்கே என் கண் பாதி நேரம் காற்றுமானியில்தான் இருந்தது.

புறாத்தீவிலும் குறை உண்டு. கரையோரம் செத்த பவளத் துண்டுகள், விடுமுறை நாளில் கூட்டம். கருமுனைச் சுறாவைப் பார்க்க மட்டும் போகிறவருக்கு டைவிங்கே வேண்டாம், முகமூடியும் ஸ்நோர்க்கல் குழாயும் போதும்.

பெரிய மீன் கூட்டம் வேண்டுமென்றால் கப்பல் பக்கம் சாயலாம். ஒரு முறை இறங்கியதை வைத்து அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான் என்பதால், கப்பலுக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் பயிற்சிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.