குரூப் 4-க்குப் படிக்க யூடியூப்பா, டெலிகிராமா, வாட்ஸ்அப்பா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான் கிடைக்கும். பாதி கேள்விகள் தமிழ்ப் பகுதியில். அங்கே 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆக, எந்தச் செயலியானாலும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த 54 விநாடிக்குள் விடை சொல்லப் பழக்குகிறதா?

கூட்டுவட்டி, காலமும் வேலையும் போன்ற கணக்குகளை வரி வரியாகப் போட்டுக் காட்ட யூடியூபை விட்டால் வேறில்லை. நூல், நூலாசிரியர் மாதிரி மனப்பாடப் பகுதிக்கு அது வீண். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதும் பரிந்துரையைத் தீர்மானிப்பதால், பத்து நிமிடப் பாடம் நாற்பது நிமிடமாக நீள்கிறது. விளக்கப் பெட்டியில் நேரக்குறி இருக்கும் வீடியோவாகப் பார்த்து எடுங்கள். சானல் நடத்துவோர் முதல் குறியை 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று குறிகளாவது இட வேண்டும். இல்லையென்றால் பகுதிகள் பிரியாது.

பயிற்சிக்கு டெலிகிராமின் வினாடி வினாதான் முதலிடம். ஒருமுறை தொட்ட விடையை மாற்ற முடியாது. தொடும்வரை சரியான விடையும் தெரியாது. டெலிகிராமில் வினாடி வினா தயாரிக்க உதவும் குவிஸ்பாட்டில் கேள்விகளைத் தொகுத்து, நேரத்தை 45 விநாடி என்று வையுங்கள், மிச்சம் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டம் நிரப்ப. நடத்துபவருக்கும் இதில் லாபம் உண்டு: பதிவைப் பார்த்தவர்கள் எத்தனை, விடை சொன்னவர்கள் எத்தனை, எந்தத் தவறான விடையில் கூட்டம் விழுந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். வெறும் பார்வை எண்ணிக்கையை விட இது நூறு மடங்கு உருப்படியான தகவல்.

சிக்கல் கேள்வியின் நீளத்தில்தான். ஒரு கேள்வியில் இத்தனை குறியீடுகள்தான், அதாவது கணினி எண்ணும் எழுத்துத் துண்டுகள்தான், இருக்கலாம் என்று வரம்பு உண்டு. தமிழில் ‘கி’ கூட இரண்டு குறியீடு என்பதால், கூற்று–காரணம் வகைக் கேள்வி பெரும்பாலும் அடங்காது. கேள்வியைப் படமாகப் போட்டு, கீழே விடைகளை மட்டும் வைப்பார்கள். யாராவது விடைப் பகுதியை மட்டும் வேறு குழுவுக்கு அனுப்பினால் கேள்வி இல்லாத விடைகள் அலையும். விடைக்குறிப்பு தப்பாக இருந்தால் இன்னும் மோசம்: அனுப்பிய வினாவைத் திருத்த வழியில்லை. மூலத்தை நீக்கினாலும் பிற குழுக்களுக்குப் போன நகல்கள் அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பைத் தேர்வாக நடத்தாதீர்கள். யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு தெரியும், வாக்கை மாற்றவும் செய்யலாம். பிறகென்ன, முதலில் தொட்டவரின் விடைதான் எல்லோருக்கும் விடை. ஐந்தாறு பேர் சேர்ந்து, இன்றைய பாடம் முடிந்ததா என்று இரவில் ஒருவரையொருவர் விரட்ட மட்டும் அது போதும். ‘குட் மார்னிங்’ படங்களுக்கு முதல் நாளே தடை போடுவது நல்லது.

மூன்றிலும் சுற்றும் பாடநூல் பி.டி.எஃப்.களைக் கண்ணை மூடிக்கொண்டு சேமிக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான தமிழ்நாடு அரசுப் புத்தகங்கள் 2018, 2019-இல் புதிதாக வந்தன. அதற்கு முந்தையவை இன்னும் பரிமாறப்படுகின்றன. முதல் பக்கங்களில் பதிப்பு ஆண்டு அச்சாகியிருக்கும், அதைப் பார்த்த பிறகு படியுங்கள்.