பொது நிர்வாகமா, சமூகப்பணியா? மலையகத்திலிருந்து ஒரு பார்வை

"பிரதேச செயலகத்தில ஒரு உத்தியோகம் வேணும், அதுக்கு என்ன படிக்கிறது?" உயர்தரப் பெறுபேறு வந்ததும் கலைப்பிரிவுப் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். கேட்பவர்களில் பாதிப்பேர் பொது நிர்வாகத்தை மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். நான் சமூகப்பணிப் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வழிகள். பொது நிர்வாகத்துக்கு இசட் புள்ளியும் (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடும் போதும். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் மாவட்டக் கோட்டாவுக்கு மேல் இன்னொரு சிறிய ஒதுக்கீடும் உண்டு. பேராதனையில் கலைப்பீடத்து அரசறிவியலோடு சேர்த்துப் படிக்கலாம். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் முகாமைத்துவ பீடத்தின் கீழ் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

சமூகப்பணியை அந்தக் கையேட்டில் தேடிவிட்டு "இல்லையே" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் நான்கு வருட இளமாணிப் பட்டத்துக்கும் இரண்டு வருட டிப்ளோமாவுக்கும் தானே விண்ணப்பம் கோருகிறது. அறிவித்தலைக் கவனித்துப் பிடிக்க வேண்டியது நம் பொறுப்பு. சமூகவியல் பட்டம் இதற்கு ஈடாகாது. அதில் சமூகத்தைப் படிப்பார்கள், ஆளைக் கையாளப் பழக்க மாட்டார்கள்.

நிர்வாகப் பட்டம் தருவது என்ன? சட்டமும் அமைப்பும் எப்படி ஓடுகின்றன என்ற தெளிவு. அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தோட்டத்து ரோட்டைப் போடச் சொல்லி எத்தனையோ வருடம் மனு எழுதிய ஊர்கள் இங்கே உண்டு. தடை இருந்தது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவில். தோட்டக் குடியிருப்புக்குச் சபை தன் நிதியைச் செலவிட அது இடம் தரவில்லை. 2018இல்தான் திருத்தினார்கள். அந்தப் பிரிவைக் கண்டு சொல்ல நிர்வாகம் படித்த கண் வேண்டும்.

ஆனால் நிர்வாகப் பாடத்தில் பெரும்பகுதி பிறகும் கைக்கு வரும். நிதிப் பிரமாணம் (அரச நிதி விதிகள்), தாபன விதிக்கோவை (அரச ஊழியர் விதிகள்), கோப்பில் குறிப்பெழுதும் முறை எல்லாவற்றையும் வேலையில் சேர்ந்தபின் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்காகத் திணைக்களமே படிக்க வைக்கும். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் தோற்றலாம். சமூகப்பணி படித்ததால் அந்தக் கதவு மூடிப் போவதில்லை.

சமூகப்பணிப் படிப்பில் வரும் களப்பயிற்சி அப்படியில்லை. மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து, நீங்கள் எழுதியதை வரிவரியாகத் திருத்தித் தரும் வாய்ப்பு நியமனம் கிடைத்தபின் யாருக்கும் கிடைக்காது.

ஓர் உதாரணம். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. வழிமுறை எல்லோருக்கும் தெரியும்: பதிவேட்டில் தேடி "பதிவு இல்லை" என்ற முடிவை எடுக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரின் கடிதம், கிளினிக் அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவு, சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் சேர்த்து மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் தாய் நாலு தடவை சொல்லியும் விவாகச் சான்றிதழைக் கொண்டு வரவில்லை. "அக்கறையில்லாத ஆள்" என்று கோப்பை ஒதுக்குவது சுலபம். பயிற்சி பெற்றவர், விவாகமே பதியப்படவில்லையோ, தகப்பன் பெயரைப் போட முடியாதென்று வெட்கப்படுகிறாரோ என்று யோசிப்பார். அடுத்த முறை கவுண்டரில் வைத்துக் கேட்காமல் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய்த் தனியாகக் கேட்பார். செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்ற சிக்கலும் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

களப் பதிவேட்டில் "தகப்பன் குடிகாரர்" என்று எழுதிக் கொடுத்தால் நல்ல மேற்பார்வையாளர் அதை வெட்டிவிட்டுக் கேட்பார்: யார் சொன்னது? சம்பள நாளில் மட்டுமா, தினமுமா? பிள்ளை அந்த நேரம் எங்கே? அவர்கள் சொன்னது ஒரு பக்கம், நீங்கள் ஊகித்தது மறுபக்கம் என்று பிரித்து எழுதும் பழக்கம் இப்படித்தான் வரும். நாளைக்கு நன்னடத்தை உத்தியோகத்தராகி நீதவான் நீதிமன்றத்துக்குப் பிள்ளையைப் பற்றி அறிக்கை கொடுக்கும்போது அந்தப் பிரிப்புத்தான் உதவும்.

களப்பயிற்சி கெட்டுப் போகும் வழிகளும் உண்டு. சில அலுவலகங்கள் மாணவரை விண்ணப்பம் நிரப்பவும் விபரம் பதியவும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே எத்தனை கேஸ், வாரத்தில் எந்த நேரம் மேற்பார்வை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். தோட்டத்துக்குள் போக முகாமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தோடு மட்டும் போனால் "துரையோட ஆள்" என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மாதர் சங்கத் தலைவியோடோ மிட்வைஃபோடோ முதல் தடவை போங்கள். கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு போங்கள். பகலில் போனால் பிள்ளை மடுவத்து (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்து) ஆயாவும் வயதானவர்களும்தான் இருப்பார்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியுமா என்று முன்பே விசாரியுங்கள். தெரியாவிட்டால், தமிழில் நடந்த பேச்சை மொழிபெயர்த்து எழுதும்போதே பாதி விஷயம் போய்விடும்.

இந்தப் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. சீதுவை தூரம், களத்துக்கு அலையும் பஸ் காசு கையை விட்டுப் போகும், ஆங்கிலத்தில் திணறுபவர்களுக்கு வாசிப்பே பெரிய பாரம். தமிழிலேயே படிக்க வேண்டும், விடுதியும் பக்கத்தில் வேண்டும் என்றால் பேராதனைதான் பொருத்தம். நிர்வாக சேவைதான் இலக்கு என்று உறுதியாக இருப்பவருக்கும் சட்டப் பின்னணி கைகொடுக்கும் என்பதால் அந்தப் பக்கமே போகச் சொல்வேன். பதவி உயர்விலும் அவர்களுக்கே ஏணி நீளம்.

எந்தப் பக்கம் போனாலும் சிங்களத்தை இப்போதே தொடங்குங்கள். 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்தது. கடைசி வருடத்தில் வகுப்புத் தேடி ஓடுபவர்களுக்குக் களப்பயிற்சியும் ஆய்வுக்கட்டுரையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.