கொழும்புக் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர்: நீண்டகாலப் பாவனையில் தெரியவந்தவை

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரையான கரையில் உலோகம் தேடும் கருவி ஓயாமல் கத்துகிறதென்றால், பெரும்பாலும் சென்சிடிவிட்டியை (உணர்திறன் அளவை) தேவைக்கு மேல் கூட்டியிருப்பார்கள். ஈர மணலிலுள்ள உப்புநீர் மின்னைக் கடத்தும். அது தரும் சத்தமும் மெல்லிய தங்கம் தரும் சத்தமும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். ஒற்றை அலைவரிசைக் கருவிகள் இங்கே தடுமாறுவது இதனால்தான். மைன்லாப் இக்வினொக்ஸ் 800 போலப் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இயங்குபவை உப்பைப் பிரித்தறியும். ஆனாலும் அமைப்பு சரியாக இருக்க வேண்டும். அந்தக் கருவியின் தேடல் முறைகளில் ஈர மணலுக்குப் பீச் 1, அலைக்குள் இறங்கினால் பீச் 2. முதலில் நொய்ஸ் கான்சல் (வெளி மின் இரைச்சலை விலக்குவது), பிறகு கிரவுண்ட் பலன்ஸ் (மணல் தரும் சத்தத்துக்கு ஈடுசெய்வது). இவை இரண்டும் முடிந்தபின் சென்சிடிவிட்டியைச் சத்தம் தொடங்கும்வரை கூட்டி, இரண்டு படி குறையுங்கள். 25இல் கத்தும் கருவியைவிட 17இல் அமைதியாக இருக்கும் கருவி ஆழத்தில் உள்ளதைக் கண்டுபிடிக்கும்.

கிரவுண்ட் பலன்ஸை உலர் மணலில் செய்துவிட்டு ஈர மணலுக்கு நடக்கக் கூடாது. ஈரத்துக்கு வந்ததும் திரும்பச் செய்யுங்கள். கொயிலை (கருவியின் அடியிலுள்ள வட்டத் தலையை) மணலுக்கு 2, 3 சென்ரிமீற்றர் மேலே மட்டமாக வைத்து, ஒவ்வொரு வீச்சும் முன்னைய வீச்சைப் பாதியாவது மூடும்படி ஆறுதலாக வீச வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கை தன்னையறியாமல் உயரும். ஆழம் தொலைவது அங்கேதான்.

தண்டவாளம் கரையோடு ஒட்டி ஓடுவதால் ஆணி, போல்ட், துருத்துண்டுக்குக் குறைவில்லை. எந்த உலோகம் என்று ஊகிக்கக் கருவி திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டும்; சோடா மூடி நல்ல இலக்கத்தில் ஏமாற்றும். கொயிலின் விளிம்பை அதன்மேல் மெல்ல இழுத்தால் இலக்கம் சரிந்து இரும்புச் சத்தம் கலக்கும். உருக்கு நாணயங்களுக்கும் இலக்கம் ஓரிடத்தில் நிற்காது. 0க்குக் கீழே உள்ளதை ஒதுக்குங்கள், 1 முதல் 20 வரை வரும் எதையும் ஒதுக்காதீர்கள். சிகரெட் பெட்டித் தாளும் டின் வளையமும் தங்க மோதிரமும் அந்த எல்லைக்குள்தான் விழும். தோண்டாமல் பிரிக்க வழியில்லை.

நம்மவர் கடலில் தொலைப்பது பெரும்பாலும் சங்கிலியும் தாலிக்கொடியும். இங்குதான் பலர் கருவியைக் குறை சொல்வார்கள். முழு மோதிரத்தில் மின்னோட்டம் வட்டமாகச் சுழலும், அதனால் சத்தம் பலமாக வரும். சங்கிலியிலோ ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையம். ஐந்து பவுண் சங்கிலிகூட ஒரு சிறு கண்ணி அளவுக்கே கேட்கலாம். உண்மையில் தேடுவது கொழுக்கியை, பதக்கத்தை, தாலியை. வீட்டில் ஒரு சங்கிலியை நீட்டிவைத்து அந்தச் சத்தத்தைக் காதுக்குப் பழக்குங்கள். வெட்டுண்ட மோதிரமும் இப்படித்தான் மங்கலாகக் கேட்கும்.

தென்மேற்குப் பருவ அலை மணலை அரித்து, கரையில் படி வெட்டிய இடங்களே பொன்னான இடங்கள். பாரமானவை அடித்தளத்தில் தங்கியிருக்கும். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வற்று நேரத்தைவிட அலை எங்கே அரித்தது என்பதே முக்கியம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். கோட்டை, பழைய கட்டட இடிபாடு, விகாரைக் காணிப் பக்கம் கருவியோடு போகவே கூடாது.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கொயில் உறையைக் கழற்றி உள்ளே தேங்கிய மணலைக் கொட்டுங்கள்; அந்த ஈர மணலே பொய்ச் சத்தம் தரும். கருவியின் நீட்டிக் குறைக்கும் தண்டையும் பிரித்துக் கழுவாவிட்டால் அதன் பூட்டு இறுகிவிடும். சார்ஜ் முனை நன்றாகக் காயும்வரை வயரைப் பொருத்த வேண்டாம். உப்பு ஈரத்தோடு பொருத்தினால் முனை அரித்துப் போகும்.