ஊட்டியில் ஒரு சைக்கிள் கடை: வீல் பெண்டும் எடுப்பார்கள், டூர் டி பிரான்ஸும் காட்டுவார்கள்

ஊட்டி மெயின் பஜாரிலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கும் சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய டயர்கள் தொங்கும், அதுதான் அடையாளம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். லவ்டேலிலிருந்து தினமும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவன் நான். மலையில் ஓட்டுகிறவனுக்கு உயிரே பிரேக்கில்தான் இருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் ரிம் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்துவிடும். கடைக்கார அண்ணன் எந்த சைக்கிளை வாங்கினாலும், என்ன வேலைக்கு வந்தது என்று பார்க்காமல், முதலில் பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் மாற்றாமல் வண்டியைக் கையில் கொடுக்க மாட்டார். தேயாததை மாற்றச் சொல்லிக் காசு பார்க்கவும் மாட்டார். என் பின் வீலுக்கு அவர் பெண்டு எடுத்த பிறகு, மழையில் ஓடியும் இன்றுவரை ஆட்டம் இல்லை. முழு சர்வீஸுக்கு என்னிடம் 650 ரூபாய் வாங்கினார், துருப்பிடித்த கியர் ஒயரை மாற்றியதும் சேர்த்து. ஒரு குறை உண்டு. ஆயில் டிஸ்க் பிரேக் வேலை இங்கே நடக்காது, அதற்குக் கோவைதான் போக வேண்டும்.

இனி ஜூலை மாத சமாச்சாரம். டியூப் பெட்டிகள் அடுக்கிய பலகை மேல் ஒரு டிவி. பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் நடக்கும் மூன்று வாரமும் சாயங்காலமானால் அது ஓடும். நம் நேரத்துக்கு இரவு ஒன்பது மணி வாக்கில்தான் அன்றைய பந்தயம் முடியும். வெளியே சாரல், உள்ளே ஸ்டூலிலும் சாக்கிலும் உட்கார்ந்து, மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்கும் தம்பிகள், பள்ளிக்கூடப் பையன்கள், என்னைப் போல வருஷக்கணக்கில் பார்க்கிறவர்கள். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீலைச் சுற்றிக்கொண்டே தமிழில் விளக்குவார். முன்னால் போகிறவர்தான் எதிர்க்காற்றைத் தாங்குகிறார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாதி சுமை இறங்கிவிடும், ஆனால் ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்த ஒத்தாசை பெரிதாகக் கிடைக்காது, அங்கேதான் ஆள் யாரென்று தெரியும் என்பார். ஏற்றத்தில் வளர்ந்த பையன்களுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

பையன்களுக்கு எல்லாம் ஸ்லோவேனியா நாட்டு வீரர் போகாச்சர்தான். ஹெல்மெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முடியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2020, 2021, 2024, 2025 என்று நான்கு முறை டூர் ஜெயித்தவர். 2024-இல் இத்தாலியின் ஜீரோ பந்தயம், டூர், உலக சாம்பியன்ஷிப் மூன்றையும் ஒரே வருஷத்தில் அள்ளினார். அந்த உலக சாம்பியன்ஷிப்பில் இன்னும் சுமார் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே கூட்டத்தை விட்டுப் பாய்ந்தார். கணக்குப் பார்க்காமல் பாய்கிறவரைப் புதிதாகப் பார்க்கிறவனுக்கும் பிடிக்கும். விதிமுறை எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கடைச் சுவரில் அவர் படம் இல்லை. அந்தக் கால பிரெஞ்சு வீரர் பூலிதோரின் கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது. ஒரு பையன் கேட்டான்: "ஜெயிக்காதவரை எதுக்குண்ணே மாட்டி வச்சிருக்கீங்க?" உண்மைதான். எட்டு முறை டூரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தும் பூலிதோர் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை, மொத்த நேரக் கணக்கில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையை ஒரு நாளும் போட்டதில்லை. 1964-இல் பியூய் து தோம் மலையில் இன்னொரு பிரெஞ்சு வீரர் ஆங்க்தீலும் அவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். உச்சி நெருங்கியபோது பூலிதோர் அவரை விட்டு முன்னால் போனார். ஆனாலும் மஞ்சள் சட்டை 14 விநாடி வித்தியாசத்தில் ஆங்க்தீலிடமே தங்கிவிட்டது. ஆங்க்தீல் ஐந்து டூர் ஜெயித்தவர், பிரான்ஸ் மக்கள் பாசம் வைத்தது பூலிதோர் மேல். 2021-இல் அவருடைய பேரன் மத்தியூ வான் டெர் பூல் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டு, இரண்டு வருஷம் முன்பு இறந்துபோன தாத்தாவை நினைத்து அழுதார். அண்ணன் இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பையன் எழுந்து போய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தான்.

என் கட்சியும் அண்ணன் கட்சிதான். வெற்றி ஆளை நமக்கு அடையாளம் காட்டும். ஆனால் பல வருஷம் ஒருவர் பின்னால் நம்மைப் போக வைப்பது, தோற்கும் இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது. 2022 டூரில் மஞ்சள் சட்டையில் இருந்த டென்மார்க் வீரர் விங்கெகார், இறக்கத்தில் போகாச்சர் சறுக்கி விழுந்ததும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். போகாச்சர் வந்து சேர்ந்து கையை நீட்டினார். பிறகு அதே நாளில் ஓத்தகாம் ஏற்றத்தில் அவரை விட்டுப் பிரிந்து விங்கெகார் ஜெயித்தார். இறக்கத்தில் விழுவது என்றால் என்ன என்று இந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். இருவருக்கும் சேர்த்துத்தான் கைதட்டல்.

திரையில் பெர்னால் என்ற வீரர் வந்தால் கடை வேறு மாதிரி ஆகிவிடும். அவர் ஊர் கொலம்பியாவின் சிப்பாகிரா, சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637. தொட்டபெட்டா உச்சியில் ஊர் இருந்தால் எப்படியோ அப்படி! மலைக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக மூட்டை தூக்கும் தம்பிகள் அவரைச் சொந்தக்காரனாக்கிக்கொண்டார்கள். 2019-இல் 22 வயதில் டூர் ஜெயித்தவர், 2022 ஜனவரியில் பயிற்சியின்போது நின்றிருந்த பேருந்தில் மோதி முதுகெலும்பும் தொடையெலும்பும் உடைந்தவர், அந்த ஆகஸ்டிலேயே பந்தயத்துக்குத் திரும்பியவர். இப்போது அவர் எந்த இடத்தில் வந்தாலும் தம்பிகளுக்குக் கவலையில்லை, திரையில் முகம் தெரிந்தால் போதும்.

பந்தயத்தின் மேல் பணம் கட்டினால் அண்ணன் வெளியே அனுப்பிவிடுவார், அதுவும் எனக்குப் பிடித்தது. டீயும் வர்க்கியும் பக்கத்துக் கடையிலிருந்து வரும், காசை நாமே கொடுக்க வேண்டும். மலையேறும் நாள் பந்தயம் (ஸ்டேஜ்) நடக்கும்போது அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவதால் அவசர வேலைக்கு அந்த நேரம் போகாதீர்கள். செவ்வாய் விடுமுறை. சைக்கிளைக் காலையில் விட்டுவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாங்கப் போங்கள், ஸ்வெட்டரோடு.